ரெண்டு மில்லிமீட்டர்

அம்மா கொய்யாப்பழம் சாப்பிடுறதை நிறுத்தி நாலு வருஷம் ஆகுதாம். போன ஆகஸ்ட் வரைக்கும் எனக்கு அது தெரியாது. கீழ் வரிசையில் இடது கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்த பிறகு, எல்லாத்தையும் வலது பக்கமாவே மென்று சமாளிச்சிருக்காங்க. "உன் செமஸ்டர் ஃபீஸ் எல்லாம் முடியட்டும்னு இருந்தேன்டா" என்று சாதாரணமா சொன்னாங்க. எதிரே உட்கார்ந்து சாப்பிடுற எனக்கு இது கண்ணில் படவே இல்லை.

இம்பிளான்ட் வைக்கலாம் என்று முடிவானதும் அம்மா பயந்தது ஊசிக்கு இல்லை, அளவு எடுக்கிறதுக்கு. முன்னாடி கழற்றி மாட்டுற பல் செட்டுக்காக, ஒரு தட்டில் மாவு மாதிரி பேஸ்ட்டை வைத்து வாய்க்குள்ள அழுத்தியிருக்காங்க. அது இறுகும் வரை குமட்டலை அடக்கிக்கிட்டு இருந்ததை அம்மா மறக்கவே இல்லை. அந்த செட்டும் சரியா பொருந்தாம, இன்னைக்கும் ஒரு டப்பாவில் தூங்குது.

இந்த முறை பேஸ்ட் இல்லை. எலக்ட்ரிக் டூத்பிரஷை விடக் கொஞ்சம் பெரிய ஒரு ஸ்கேனர். அதன் நுனி பற்கள் மேல் ஒளியை வீச, உள்ளே இருக்கும் கேமரா மடமடவென்று படம் எடுக்குது. சாஃப்ட்வேர் அந்தத் துண்டுகளை ஒட்டி ஒட்டி, ஸ்கிரீனில் அம்மாவோட பல்வரிசையைக் கட்டி முடிச்சது. "கஷ்டமா இருந்தா கையைத் தூக்குங்கம்மா, நிறுத்திடலாம்" என்றார் டாக்டர். அம்மா கையைத் தூக்கவே இல்லை.

எனக்கு வேற ஆச்சரியம். பழைய பம்ப் உறை ஒன்றை ஸ்கேன் பண்ணி எஸ்டிஎல் ஃபைல் ஆக்கியதுதான் எங்க மினி ப்ராஜெக்ட். (ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியம். இப்படி வார்த்தைகள் வரும், பொறுத்துக்கோங்க.) ஸ்கேனருக்கு மேற்பரப்பு மட்டும்தான் தெரியும். எலும்பும் நரம்பும் தெரிய சிபிசிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே வேணும். ரெண்டு படத்திலும் இருக்கிற பற்களை அடையாளமா வைத்து, ஒன்றின் மேல் ஒன்றைப் பொருத்துறாங்க. 1992-இல் பெஸ்ல், மெக்கே வெளியிட்ட ஐசிபி அல்காரிதத்தோடு நாங்க லேப்பில் மல்லுக்கட்டியதும் இதே மாதிரிப் பொருத்தலுக்குத்தான்.

கீழ்த்தாடைக்குள்ள ஒரு நரம்பு ஓடுது. டிரில் அதில் பட்டால் கீழ் உதடு மரத்துப் போகலாம். அந்தப் பாதையை டாக்டரே புள்ளி புள்ளியா குறிச்சார். அம்மாவுக்கு நரம்பு வரை 12 மி.மீ. எலும்பு இருந்தது. அவர் தேர்ந்தெடுத்தது 10 மி.மீ. இம்பிளான்ட். "மைக்ரான் கணக்கில் அளக்கிறீங்க, எதுக்கு சார் 2 மில்லிமீட்டரை வீணாக்கணும்?" என்று கேட்டேன்.

"ஸ்கேன்ல கொஞ்சம் பிழை வரும் தம்பி. எக்ஸ்ரேல கொஞ்சம், பொருத்துறதுல கொஞ்சம். டிரில்லுக்கு வழிகாட்டுற கைடை பிரிண்ட் பண்றப்ப கொஞ்சம், அந்த ஓட்டைக்குள்ள டிரில் ஆடுறதுல கொஞ்சம். எல்லாம் ஒரே பக்கமா சேர்ந்துட்டா?"

டாலரன்ஸ் ஸ்டாக்-அப்! பார்ட் பி கேள்விக்காக மனப்பாடம் பண்ணி, எழுதி, மறந்த விஷயம். அங்கே அந்த 2 மில்லிமீட்டர் எனக்கு அம்மாவோட உதடாத் தெரிஞ்சது.

எவ்வளவு நல்ல ஸ்கேனரா இருந்தாலும் ஒரு விஷயத்தை அவசரப்படுத்த முடியாது. டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளரும் என்று 1950களில் முயல் எலும்பில் கவனிச்சவர் ஸ்வீடனின் பிரோனெமார்க். 1965-இல் முதல் நோயாளிக்கு வைத்தார். அந்த ஒட்டுதலுக்கு அம்மா மூணு மாசம் காத்திருந்தாங்க. பிறகு இம்பிளான்ட் மேல் ஸ்கேன் பாடி என்ற சின்னத் துண்டைத் திருகி மறுபடி ஸ்கேன். அதை வைத்து இம்பிளான்ட் இருக்கும் இடமும் சாய்வும் கணக்காகி, லேப்பில் கிரவுன் கடைஞ்சு வந்தது.

கிரவுன் மாட்டின வாரம், டாக்டர் சரின்னு சொன்னதும், நானே கொய்யாப்பழம் வாங்கிட்டு வந்தேன். அம்மா ஒரு துண்டை எடுத்து, கொஞ்சம் யோசிச்சு, இடது பக்கமா கடிச்சாங்க.

இந்த முறை நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்.