பெருவிரல் வைக்கும் முன்

"செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பாகான் செராயில் யாருக்கு ஐயா அக்கறை?" என்று என்னைக் கேட்டவர்கள் பலர். கிரியான் மாவட்டம் என்றால் நெல்வயலும் செம்பனையும் பழைய பால்மரத் தோட்டங்களும்தானே! ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு இதில் என்ன வேலை?

வேலை இருக்கிறது, அன்பர்களே. மாதம் ஒருமுறை, ஒரே தாளின் இரண்டு பக்கங்களில் இதைப் பற்றித் தமிழில் எழுதி, போட்டோஸ்டாட் எடுத்து, கோயிலிலும் மளிகைக் கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் வைத்து வருகிறேன். 120 பிரதிகள், பக்கத்துக்கு 10 காசு, ஆக மாதம் 24 வெள்ளி. மடலுக்கு விலை கிடையாது. படிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், அதுதான் கட்டணம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கிராணியாரை நினைவிருக்கும். ஆபீசிலிருந்து காகிதம் வந்தால் அவர்தான் வாசித்துச் சொல்வார். பால்மரம் சீவிய என் தந்தையார் அவர் காட்டிய இடத்தில் பெருவிரல் ரேகை வைப்பார். நல்ல கிராணிமார் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஆனாலும் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பது ரேகை வைத்தவருக்குத் தெரியாது. இன்று கைப்பேசியில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தைத் தொடுவதும் அதே பெருவிரல்தான். மடல் தொடங்க இந்த எண்ணமே காரணம்.

2022 நவம்பர் 30ஆம் தேதி சாட்ஜிபிடி வெளிவந்தது. நம் பிள்ளைகளின் கைக்கு அது வந்து சேர அதிக நாள் பிடிக்கவில்லை. கோடிக்கணக்கான பக்கங்களிலிருந்து பழகிக்கொண்டு, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து அடுக்குவதே அதன் தொழில். அதனால் சரியானதையும் தவறானதையும் ஒரே தைரியத்துடன் சொல்லும். அது பழகிய எழுத்தில் ஆங்கிலத்தோடு பார்த்தால் தமிழ் மிகச் சொற்பம் என்பதையும் மறக்கக் கூடாது.

நன்மை இல்லாமல் இல்லை. செம்பனைத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள், உதவித்தொகைக்கான மலாய்க் கடிதத்தை அதன் துணையோடு அழகாக எழுதினாள். முன்பெல்லாம் அதற்கு ஆள் தேடி அலைய வேண்டும். அதே மாதம் ஒரு பாட்டி, "வாத்தியாரையா, இனிப்புநீர் மாத்திரையை நிறுத்தலாம்னு பேரன் போன் சொல்லுதே?" என்று கேட்டார். "போன் சொன்னதை ஒரு தாளில் எழுதிக் கிளினிக் மிஸ்ஸியிடம் காட்டுங்கள், அதுவரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்றேன். அடுத்த மடலின் முதல் பக்கம் அதுவே.

குரல் விஷயம் இன்னும் மோசம். 3 விநாடி ஒலிப்பதிவு இருந்தால் ஒருவரின் குரலைப் போலவே பேசவைக்கும் முறையை 2023 ஜனவரியில் மைக்ரோசாப்ட் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் அழுதுகொண்டே பணம் கேட்டால் எந்தத் தாய் தாங்குவாள்? ஆகவே வீட்டுக்கு வீடு ஓர் இரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். செத்துப்போன நாயின் பெயரானாலும் சரி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 997 எண்ணை அழையுங்கள்; 2022 அக்டோபரில் அரசாங்கம் தொடங்கிய தேசிய மோசடி நடவடிக்கை மையம் அது.

வாசகர்கள் அதிகம் பேசிக்கொண்டது கனடாச் செய்தியைத்தான். பாட்டி இறந்த துக்கத்துக்குப் போக ஒருவர் விமான டிக்கெட் எடுத்தார். துக்கச் சலுகையைப் பிறகு கேட்டுப் பெறலாம் என்று ஏர் கனடாவின் இணையதளத்தில் பதில் சொல்லும் இயந்திரம் சொன்னது. அது தவறான தகவல். நிறுவனமோ, அந்த இயந்திரத்தின் பேச்சுக்கு அதுவே பொறுப்பு என்பது போல வாதாடியது! 2024 பிப்ரவரியில் நடுவர் மன்றம் அந்த வாதத்தைத் தள்ளி, 800 டாலருக்கும் மேல் கொடுக்கச் சொன்னது.

நமக்கும் வழி உண்டு. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில், 5 வெள்ளி கட்டி, வழக்கறிஞர் இல்லாமலே 50,000 வெள்ளி வரை கோரலாம். இப்படிப்பட்ட உரிமைகளை ஏழை எளியவருக்கு எடுத்துச் சொல்லப் பினாங்கில் பயனீட்டாளர் சங்கம் பிறந்தது. 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இட்ரிஸ் அவர்கள் நெடுங்காலம் அதற்குத் தலைமை தாங்கினார். தமிழிலும் இதழ் நடத்திய சங்கம் அது. என் மடல் அந்தப் பெரிய மரத்தின் நிழலில் முளைத்த சின்னச் செடி.

உங்கள் ஊரிலும் ஒருவர் இதைச் செய்யலாம். பெரிய படிப்பு வேண்டாம். ஒரு தாள், நாலு பேரின் கேள்வி, விசாரித்து எழுதும் பொறுமை இருந்தால் போதும். எந்த இயந்திரம் எதைச் சொன்னாலும், "இது தப்பானால் யார் பொறுப்பு?" என்று நம் பெண்களும் பெரியவர்களும் கேட்கப் பழகட்டும். பதில் கிடைத்த பிறகு பெருவிரலை வைக்கலாம்.