பாலேவாடியில் ஒரு காலை

1994-ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகப் புனே நகரின் வடமேற்கு ஓரத்தில் எழுப்பப்பட்ட பாலேவாடி விளையாட்டு வளாகத்தை, மும்பை–பெங்களூர் சாலையில் சென்ற நம் அன்பர்கள் பலர் கண்டிருப்பர். அதனுள்ளே துப்பாக்கி சுடும் களம் ஒன்று உண்டென்பதை நாம் நெடுங்காலம் அறியாதிருந்தோம். 2024 ஆகஸ்ட் 1-ஆம் நாள், மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராகப் பணியாற்றிய கோலாப்பூர்ப் பக்கத்து இளைஞர் ஸ்வப்னில் குசாலே, பாரிஸில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலப் பதக்கம் பெற்றார். அதன் பின்னர் நம் ஆபீஸில் குமாஸ்தாக்கள் அனைவரும் ஒரே வாரத்தில் துப்பாக்கிச் சாத்திரத்தில் பண்டிதராயினர்.

அந்த ஆசை நம் அண்ணன் மகளையும் பற்றிற்று. பதினேழு வயதுக் குழந்தை; சங்கத்தின் இரவல் துப்பாக்கியில் ஓராண்டாகப் பழகி வருகிறாள். தொடக்கத்தில் ஏறிய மதிப்பெண், சில மாதங்களாக ஏற மறுத்தது. “கவனம் போதவில்லை, படிப்பையாவது பார்க்கட்டும்” என்றார் அண்ணா. நாமும் அதற்கு ஒத்து ஊதினோம் என்பதை மறைப்பதற்கில்லை. பயிற்சியாளர் மராட்டியர், அதிகம் பேசாதவர். “ஆதி பந்தூக், மக் மாணூஸ்” என்றார். முதலில் துப்பாக்கி, பிறகு மனிதன் என்பது பொருள். துப்பாக்கியைச் சோதித்துவிட்டு முடிவு செய்வதென்று ஒரு ஞாயிறு விடியலில் நாம் மூவரும் பேருந்து ஏறினோம்.

களத்தில் காற்று எழுவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. 50 மீட்டருக்கு அப்பால் வெள்ளை அட்டைகள்; நடுவே கறுப்பு வட்டம். பத்து மதிப்பெண்ணுக்குரிய உள்வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர், நம் சட்டைப் பொத்தான் அளவுதான். துப்பாக்கியோ ‘பாயின்ட் டூ டூ’ வகை. ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இட்டு, போல்ட்டைத் தள்ளித் திருப்பிப் பூட்ட வேண்டும். தோட்டாவின் அடிவிளிம்பில் பற்றுமருந்து இருக்கும். ஊசி அவ்விளிம்பை நசுக்கியதும் அது வெடிக்கும். இதனால்தான் இதற்கு ரிம்ஃபயர் என்று பெயர்.

பயிற்சியாளர் குழலைக் கட்டையோடு பிணைக்கும் திருகுகள் இறுக்கமாயுள்ளனவா என்று முதலில் பார்த்தார். பிறகு துப்பாக்கியை மணல் மூட்டைகளின் மேல் கிடத்தித் தாமே சுடலானார். கை நடுக்கமும் மூச்சும் கணக்கில் சேராதிருக்க இந்த ஏற்பாடு. துடைத்த குழல் படிமானத்துக்கு வரும்வரை சுட்ட முதல் சில குண்டுகளை எண்ணவில்லை. பிறகு பத்துக் குண்டுகள். அவை கறுப்பின் நடுவில் விழாமல் சற்று இடப்புறம் விழுந்தன. குறிமானியைத் திருத்த வேண்டாவா என்று அவசரமாகக் கேட்டோம். “எங்கே விழுகிறது என்பதன்று இன்றைய கேள்வி, எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்பதே” என்றார். முப்பது வயது கடந்தும் நமக்கு இந்த வேறுபாடு தெரியவில்லை.

அட்டையைக் கொணர்ந்து அளந்தார். மிக விலகிய இரு துளைகளின் வெளியோரங்களுக்கு இடைப்பட்ட தூரத்தில் ஒரு குண்டின் தடிப்பாகிய 5.6 மில்லிமீட்டரைக் கழித்தால், நடுவிலிருந்து நடுவுக்குள்ள தூரம் கிடைக்கும். வந்தது 34. யாரும் கையில் ஏந்தாத துப்பாக்கியே இப்படிச் சிதறினால், நடுக்குறியைத் துல்லியமாகப் பார்த்துச் சுட்டாலும் எட்டு மதிப்பெண்ணும் விழும்! துளைகள் பக்கவாட்டில் பரவாமல் மேலும் கீழுமாய் நீண்டிருந்தன. காற்றின் குற்றமாயின் பக்கவாட்டில் விலகும். மேலும் கீழுமாயின் தோட்டாவின் வேகத்தை ஐயுற வேண்டும் என்றார். நொடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டில் 10 மீட்டர் குறைந்தால், 50 மீட்டர் தூரத்தில் அது ஏழெட்டு மில்லிமீட்டர் தாழ்ந்துவிடுமாம்.

பின்னர் வேறொரு பெட்டியைப் பிரித்தார். அதே கம்பெனி, அதே பெயர், அதே நிறம். தொகுதி எண் மட்டும் வேறு. மீண்டும் பத்துக் குண்டுகள். இம்முறை 15 மில்லிமீட்டர்! ஐயம் தீர இன்னொரு அட்டையிலும் சுட்டார், 16. ஒவ்வொரு குழலுக்கும் ஒவ்வொரு தொகுதி ஒத்துவருமாம். சுட்டுப் பார்த்தாலன்றி எதுவென்று தெரியாதாம். பெரிய வீரர்கள் தம் துப்பாக்கியைத் தோட்டாத் தொழிற்சாலைக்கே எடுத்துச் சென்று பொருத்தம் பார்த்து வாங்குவதுண்டு. கலியாணத்துக்கு ஜாதகம் பார்ப்பதைவிடக் கடினம் போலும்!

அண்ணா இரு அட்டைகளையும் வெகுநேரம் கையில் வைத்திருந்தார். குழந்தையின் முகத்தை நாம் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆறு மாதமாக அவளுக்குச் சொன்ன உபதேசங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன.

அவளோ ஒன்றும் சொல்லாமல் பாய் விரித்துப் படுத்து, அதே நல்ல தோட்டாக்களால் பத்து முறை சுட்டாள். 24 மில்லிமீட்டர். “பதினைந்து துப்பாக்கியினுடையது, சித்தப்பா; மீதி என்னுடையது” என்றாள். அந்தக் கழித்தல் கணக்குச் சரிதானா என்று பயிற்சியாளரைக் கேட்டோம். முழுச் சரியன்று, ஆனால் இந்த வயதுக்குப் போதும் என்று சிரித்தார்.

தோட்டா வாங்குவதும் சங்கத்தின் வழியாகவே, மலிவும் அன்று. அந்தத் தொகுதியில் எத்தனை பெட்டி மீதி இருக்கிறதென்று அண்ணா கேட்டார். நான்கு என்றார்கள். தசராவுக்கு வரும் ரயில்வே போனஸுக்கு அவர் வேறொரு திட்டம் வைத்திருந்ததை நாம் அறிவோம். திரும்பும் வழியில், பேருந்துச் சீட்டின் பின்புறத்தில் அந்தத் தொகுதி எண்ணை எழுதிக் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டார். சிவாஜி நகரில் இறங்கும்போது, “அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு அம்மா?” என்றார்.