ஒரு ஸ்டாம்பு, இரண்டு கிளி

புதுச்சேரிப் பகுதியிலுள்ள நெட்டப்பாக்கத்தில் நான் பார்க்கப் போனது ஒரு ஜோடிக் கிளியை. கல்யாணத்துக்கும் பொங்கலுக்கும் கையாலேயே வாழ்த்து அட்டை செய்யும் பெண்கள் சிலர் அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் கூடுகிறார்கள். அவர்களுடைய அட்டையில் இரண்டு கிளிகள் முகத்தோடு முகம் பார்த்து நிற்கும். கையில் இருக்கும் ரப்பர் ஸ்டாம்போ ஒன்றுதான். அதில் விழும் கிளி வலப்பக்கம் மட்டுமே பார்க்கும்.

"மயிலு, யானைன்னு எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு செஞ்சா கட்டுப்படி ஆவாது சார்" என்றார் அவர்களில் மூத்தவர்.

வழி எளிது. உள்ளங்கை அகலத்தில் ஒரு வெற்று ரப்பர்த் துண்டு. மை தடவிய ஸ்டாம்பை முதலில் அதன்மேல் பதிக்கிறார். மை காய்வதற்குள் அந்தத் துண்டை எடுத்து அட்டையில் கவிழ்த்து, விரல்களால் ஒரே சீராக அழுத்துகிறார். ரப்பரில் வலப்பக்கம் பார்த்த கிளி, அட்டையில் இடப்பக்கம் திரும்பிவிடுகிறது.

நுட்பமெல்லாம் மையில்தான். நீர்த்த மை புது ரப்பரில் பரவாமல் முத்து முத்தாகத் திரளும். அதனால் துண்டை முதலில் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுகிறார்கள். மையும் கெட்டியானதாக, மெதுவாகக் காய்வதாகப் பார்த்து வாங்குகிறார்கள். அப்படியும் மையில் ஒரு பங்கு ரப்பரிலேயே தங்கிவிடுவதால் திரும்பிய கிளி சற்று வெளுத்துத்தான் வரும். மூத்தவர் இதற்குச் செய்வது எனக்கு மிகவும் பிடித்தது. நேர்க்கிளியைப் பதிக்கும் முன் ஸ்டாம்பை வேண்டாத தாளில் ஒருமுறை ஒற்றி எடுத்துவிடுகிறார். இரண்டு கிளிக்கும் நிறம் ஒன்றாகிவிடுகிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பதித்துப் பார்த்தேன். "ஆட்டாதீங்க, அழுத்துங்க" என்பதுதான் அவர் சொல்லித்தந்த முழுப் பாடமும்.

எழுத்துள்ள ஸ்டாம்பை இப்படிப் பதிக்க முடியாது. 'வாழ்த்து' தலைகீழாகாவிட்டாலும் இடவலம் மாறிவிடும்.

அட்டைக்கான தாள் பருத்தித் தாள். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடம் 1959-இல் தொடங்கியது. பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கித் தாள் எடுக்கும் வேலை இந்த வட்டாரத்துக்குப் பழக்கமானதுதான். அப்படிப்பட்ட தாள் மேடுபள்ளமாக இருக்கும். கடினமான அச்சு மேட்டை மட்டும் தொடும்; ரப்பர் வளைந்து பள்ளத்துக்குள்ளும் மையைக் கொண்டுபோகும்.

தாளில் ஆஃப்செட் அச்சு பிறந்ததும் ரப்பரின் இதே குணத்தால்தான். 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஐரா ரூபெல் என்ற அச்சகக்காரர், தாள் போடாமல் இயந்திரம் ஓடியபோது மை ரப்பர் உருளையில் பதிந்து, அடுத்த தாளின் பின்புறம் இன்னும் தெளிவாக விழுந்ததைக் கவனித்தார். சிவகாசியில் இன்று ஓடும் ஆஃப்செட் இயந்திரங்களிலும் படம் தகட்டிலிருந்து ரப்பருக்கும், ரப்பரிலிருந்து தாளுக்குமாகத்தான் போகிறது. இந்தத் திண்ணையில் அதே வேலையை இரண்டு கைகள் செய்கின்றன.

ஆனால் ஜோடிக் கிளி அட்டையும் ஒற்றைக் கிளி அட்டையும் ஒரே விலைக்குப் போகின்றன. இது நியாயமில்லை. ஒவ்வொரு முறையும் ரப்பரைத் துடைத்து, மை ஒற்றி, இடம் பார்த்துக் கவிழ்க்கும் நேரத்துக்குக் கூலி எங்கே? அவர்களிடமே கேட்டேன்.

"கடைக்காரரு ஒத்துக்கணுமே சார். இந்தப் பொங்கலுக்கு கேட்டுப் பாக்கறோம்" என்றார் மூத்தவர். கேட்கத்தான் வேண்டும்.