ஒரு முழத் துணி

பத்திரிகைக்காரிக்கு வாய் சற்று நீளம் என்பார்கள். என் விஷயத்தில் அதை மறுப்பதற்கில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத் திண்டுக்கல்லில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். சின்னாளப்பட்டிச் சேலை ஒன்று வாங்கி, அதற்கு ரவிக்கை தைக்க அதே தெருவிலுள்ள தையற்காரம்மாளிடம் கொடுத்தேன். கணவனை இழந்தவள். ஒரு மிஷினை நம்பி இரண்டு குழந்தைகளைப் படிக்க வைக்கிறாள். ரவிக்கை அழகாகத்தான் வந்தது. ஆனால் மிச்சத் துணியைக் காணோம். ஒரு முழமாவது மீந்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு.

அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அன்று மாலை பக்கத்து வீட்டில் முறுக்குப் பிழிய ஏழு பெண்கள் கூடியிருந்தார்கள். "மிச்சத் துணியெல்லாம் அந்தம்மாவுக்குத்தான் போலிருக்கு!" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள்.

மார்ச் மாதம், சென்னையில் ஒரு கல்யாணத்துக்காக அந்தச் சேலையைப் பிரித்தேன். மடிப்புக்குள்ளே மிச்சத் துணி! நாலாக மடித்து, குண்டூசி குத்தி வைத்திருந்தது.

பெரிய வாரத்தில் திண்டுக்கல் போனதும் அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். அத்தை ஒரு நிமிஷம் பேசவில்லை.

"அதுதானா! ஈஸ்டருக்கு இந்தத் தெருவிலே ஒருத்தரும் அவகிட்டே துணி குடுக்கலியே!"

"அவங்ககிட்டே மன்னிப்புக் கேட்டுடறேன், அத்தே."

"அது உன் மனசு ஆறுறதுக்கு. ஏழு பேர்கிட்டே அவ பேரைக் கெடுத்தியே, ஏழு வீட்டுக்கும் போய்த் திருப்பிக் குடுக்க வேணாமா?"

இது அத்தையின் சொந்தச் சட்டமல்ல. 1992-ல் ரோமாபுரி வெளியிட்ட மறைக்கல்வி நூலில் இருப்பதுதான். பிறர் பேரைக் கெடுத்தவர் அதை ஈடுசெய்யக் கடமைப்பட்டவர். இல்லாததைச் சொன்னால் மட்டுமல்ல, உள்ள குறையையே தக்க காரணமின்றித் தெரியாதவரிடம் எடுத்துச் சொன்னாலும் குற்றந்தானாம். "உள்ளதைத்தானே சொன்னேன்" என்று நாம் தப்பித்துக்கொள்ளும் சந்து ஒன்றுண்டே, அதையும் அடைத்துவிட்டார்கள்!

2003-ல் திண்டுக்கல் தனி மறைமாவட்டமான பிறகு புனித சூசையப்பர் ஆலயம் பேராலயமாகிவிட்டது. அத்தைக்கு அது இன்றும் சூசையப்பர் கோயில்தான். அங்கே கேட்ட கதையொன்று சொன்னாள். ரோமாபுரியில் 16-ம் நூற்றாண்டில் வாழ்ந்த பிலிப் நேரி என்ற அர்ச்சியசிஷ்டவரிடம் வம்புக்காரி ஒருத்தி பாவசங்கீர்த்தனம் செய்தாளாம். ஒரு கோழியின் இறகைத் தெருவெல்லாம் பிய்த்துப் போடச் சொல்லி, பிறகு அத்தனையும் பொறுக்கிவரச் சொன்னாராம்.

மாடிக்குப் போனேன். எதிரே சிறுமலை. கோடையில் அங்கே தீப்பிடிப்பதுண்டு. நாவைச் சிறு நெருப்புக்கும், அதில் எரியும் பெருங்காட்டுக்கும் ஒப்பிட்ட யாகப்பரின் நிருபம் நினைவுக்கு வந்தது. பள்ளியில் மனப்பாடம் செய்து மார்க்கு வாங்கியது!

மறுநாள் புறப்பட்டேன். முதல் வீட்டில் நாக்கு எழவேயில்லை. இரண்டாவது வீட்டில், "அவ அப்படிப்பட்டவ இல்லேன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார்கள். தெரிந்திருந்தும் துணி கொடுக்கவில்லை. மூன்றாவது வீட்டில், "அதை விடு, அவ அண்ணன் சங்கதி தெரியுமா?" என்று ஆரம்பித்தார்கள். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று ஓடிவந்தேன். அதுவும் பொய். அடுத்த இரண்டு வீடுகளும் சுலபமாக முடிந்தன. ஆறாவது வீட்டுக்காரி கோயம்புத்தூருக்குக் குடிபோய்விட்டாள். விலாசம் யாருக்கும் தெரியவில்லை. ஏழாவது வீட்டு அம்மாள் மட்டும், என் கண்ணெதிரிலேயே இரண்டு ரவிக்கைத் துணிகளை எடுத்துப் பையில் போட்டு மகளிடம் கொடுத்தனுப்பினாள்.

கடைசியில் தையற்காரம்மாள் வீடு. வாசற்படியில் மிஷின். நான் வாயெடுக்குமுன் அவளே நிமிர்ந்து பார்த்தாள்.

"மிச்சத் துணியைச் சேலைக்குள்ளே வச்சிருந்தேனே, பாத்தீங்களாம்மா?"

எவ்வளவு தெரிந்து கேட்டாளோ! முழுவதையும் சொன்னேன். அவள் மிஷினை நிறுத்தவில்லை. சொல்லி முடித்து, கையோடு கொண்டுவந்த துணியை நீட்டினேன். வாங்கிப் பிரித்து, விரலால் நீவிப் பார்த்தாள்.

"தூக்கிப் போட்டுடாதீங்க. வேற ரவிக்கைக்குக் கையாக வச்சுத் தைக்கலாம்" என்று சொல்லிவிட்டு, அளவு நாடாவை எடுத்தாள்.