பாரம் இடுப்பில் இறங்கட்டும்

காட்டுப் படம் எடுக்கக் கிளம்பும் புதியவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் லென்ஸைப் பற்றித்தான். எந்தப் பையில் வைத்துத் தூக்கிப்போவது என்று யாரும் முதலில் கேட்பதில்லை. கேமராவுக்கும் லென்ஸுக்கும் லட்சக்கணக்கில் செலவு செய்துவிட்டு, அவற்றோடு இலவசமாக வந்த பையை மாட்டிக்கொண்டு மலையேற வருகிறார்கள். மதியத்துக்குள் தோள் இற்றுப்போகிறது. அப்புறம் நீலகிரி நெட்டைக்காலிப் பறவை பக்கத்துப் பாறையிலேயே வந்து உட்கார்ந்தாலும், பையை இறக்கி ஜிப்பைத் திறக்க மனம் வருவதில்லை. நல்ல வெளிச்சமும் நல்ல காட்சியும் பெரும்பாலும் ஏற்றம் முடிகிற இடத்தில்தான் இருக்கின்றன. அங்கே போய்ச் சேரும்போது உடம்பில் தெம்பு மிச்சமிருக்க வேண்டும். அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: மலைக்கான பையைக் கேமராவின் அளவு பார்த்து வாங்காதீர்கள், உங்கள் முதுகின் அளவு பார்த்து வாங்குங்கள்.

எடையைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம். நிக்கான் இசட் 8 பாடி, பேட்டரியும் கார்டும் சேர்த்து 910 கிராம். 180-600 லென்ஸ், ட்ரைபாட் காலருடன் 2,140 கிராம். நிலக்காட்சிக்கு ஒரு 24-120, அது 630 கிராம். இதுவே மூன்றரை கிலோவைத் தாண்டிவிட்டது. கார்பன் ட்ரைபாடும் அதன் தலையும் சுமார் 2 கிலோ. குடிக்க 2 லிட்டர் தண்ணீர், அது 2 கிலோ. நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால் எவர்சில்வர் பாட்டிலின் எடையும் சேரும். மழைக்கோட்டு, சாப்பாடு, டார்ச், முதலுதவிப் பொருள்கள் என்று ஒன்றரை கிலோ. பையின் எடையைச் சேர்க்காமலே ஒன்பது கிலோவுக்கு மேல் ஆகிவிட்டது. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது மலை நடப்பவர்கள் வைத்திருக்கும் பழைய கணக்கு. 60 கிலோ ஆளுக்கு அது 12 கிலோ. படம் எடுப்பவர் ஓயாமல் குனிந்து நிமிர்பவர், பாறையில் மண்டியிடுபவர் என்பதால் நான் பத்துக்கு மேல் போக விடுவதில்லை. பையின் எடையும் சேர்ந்தால் அந்தப் பத்தைத் தாண்டிவிடும், அப்படியென்றால் ஏதாவது ஒன்றை வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டும். பறவைக்காகப் போகிற நாளில் ட்ரைபாடை விடுவேன்.

காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணன் (1912–1996) முதுமலைக் காட்டில் யானை முதுகில் அமர்ந்து போய்த் தன் கறுப்பு-வெள்ளைப் படங்களை எடுத்தார். நமக்குச் சொந்த முதுகுதான் இருக்கிறது.

அந்த முதுகை அளக்கத் தெரிந்துகொள்ள வேண்டும். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஒரு எலும்பு புடைத்துத் தெரியும். அங்கிருந்து, இரண்டு இடுப்பெலும்புகளின் மேல்விளிம்பையும் இணைக்கும் கோடுவரை தையற்கார டேப்பால் அளந்தால் கிடைப்பதுதான் முதுகு நீளம். ஆளின் உயரத்துக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. ஆறடி ஆளுக்குக் கால் நீண்டு முதுகு குட்டையாக இருக்கலாம். மலையேறிகளுக்கான பைகள் இந்த நீளத்தை வைத்துத்தான் சிறிது, நடுத்தரம், பெரிது என்று வருகின்றன. பலவற்றில் முதுகுச் சட்டத்தை ஏற்றி இறக்கவும் முடியும். கேமரா பைகளில் பெரும்பாலானவை ஒரே அளவுதான். குட்டை முதுகுக்காரர் அதை மாட்டினால் இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்குக் கீழே தொடையில் இடிக்கும், பாரம் முழுவதும் தோளில் நிற்கும். பெண்கள் பலர் கேமரா பையை மாட்டிக்கொண்டு படும் அவஸ்தைக்கு இதுதான் காரணம். அவர்களுடைய உடம்பில் குறை ஒன்றும் இல்லை.

இடுப்புப் பட்டை அலங்காரத்துக்கு இருப்பதில்லை. சரியான பையில் பாரத்தின் பெரும்பகுதி இடுப்பெலும்பின் மேல் இறங்கும். தோள்பட்டைகள் பையைப் பின்னால் சாயவிடாமல் பிடித்துக்கொள்வதோடு சரி. விரல் அகலத்தில் ஒரு நாடாவைத் தைத்துவிட்டு அதை இடுப்புப் பட்டை என்று சொல்லும் பைகளைத் தொடவே வேண்டாம். எலும்பைச் சுற்றி அணைக்கிற அகலமும் அழுத்தமும் அதற்கு இருக்க வேண்டும்.

ஆகவே 35 முதல் 45 லிட்டர் வரை கொள்ளும் ஒரு நல்ல மலையேற்றப் பையை வாங்கி, அதற்குள் கேமராவுக்கான மெத்தைப் பெட்டி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வதே என் தேர்வு. எஃப்-ஸ்டாப், ஷிமோடா போன்ற கம்பெனிகள் இந்த இரண்டையும் சேர்த்தே செய்கின்றன, விலை அதிகம். மலையேற்றப் பைக்குள் தனிப்பெட்டி வைத்தாலும் அதே காரியம் நடக்கும். பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். கனமான லென்ஸ் முதுகெலும்பை ஒட்டி, தோள்பட்டை எலும்புக்கு நேராக இருந்தால் நிமிர்ந்து நடக்கலாம். எட்டப் போகப் போக அது ஆளைப் பின்னுக்கு இழுக்கும். அடியில் மழைக்கோட்டு, மேலே பெட்டி, அதற்கும் மேலே சாப்பாடு என்று அடுக்குவேன். ட்ரைபாடை ஒரு பக்கம் கட்டினால் மறுபக்கம் தண்ணீர் பாட்டில்.

முதுகுப்புறம் திறக்கும் பையா, முன்புறம் திறக்கும் பையா என்று கேட்பவர்களுக்கு, நம்முடைய மலையில் முதுகுப்புறம்தான் என்பேன். அதற்குக் காரணம் அட்டை. ஜூன் முதல் மழை பிடித்துவிட்டால் வால்பாறைப் பக்கத்துச் சோலைகளில் பையைக் கீழே வைத்த மாத்திரத்தில் சருகிலிருந்து ஏறத் தொடங்கிவிடும். முன்புறம் திறக்கும் பையைத் திறக்க, முதுகில் படும் பக்கத்தைத் தரையில் போட வேண்டும். சேறும் அட்டையும் அங்கே ஒட்டிக்கொள்ள, அதையே திரும்பவும் முதுகில் மாட்டுவோம். முதுகுப்புறம் திறந்தால் அந்தத் தொல்லை பாதி குறையும். ஒரு கனமான பாலித்தீன் விரிப்பும் மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்கு ரெயின் கவர் மட்டும் போதாது. அது பையின் வெளிப்புறத்தை மூடுமே தவிர, முதுகுக்கும் பைக்கும் நடுவே வழிகிற தண்ணீரைத் தடுக்காது. மேல்பூச்சுப் போட்ட ஜிப்பும் சாரலைத்தான் தாங்கும், கொட்டுகிற மழையை அல்ல. வாயைச் சுருட்டி மூடும் நீர்புகா உறை ஒன்றைப் பெட்டிக்கு மேலே போடுங்கள். நான் லென்ஸை ஒரு பருத்தித் துண்டில் சுற்றியே வைக்கிறேன். துடைக்கவும் ஆகும், அதிர்வும் தாங்கும். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும். ஈர மெத்தைக்குள் மூடிக் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை படர அதிக நாள் ஆகாது. பையில் பயணம் மட்டும்தான். இருப்பு 40-50 சதவீத ஈரப்பதத்தில் இருக்கும் உலர்பெட்டியில்.

அப்புறம் சத்தம். வெல்க்ரோவைப் பிரிக்கும் ஓசை சோலைக்குள் வெகுதூரம் போகும். கருமந்திக் கூட்டம் நாம் கேமராவை எடுப்பதற்குள் கிளை மாறிவிடும். பாதையில் திறக்க வேண்டிய அறைகளில் ஜிப்போ கொக்கியோ இருக்கட்டும். நெஞ்சுப் பட்டையும் இடுப்புப் பட்டையும் ஒற்றைக் கையால் சட்டென்று கழல வேண்டும். யானை நடமாட்டம் உள்ள இடத்தில், "பையைப் போட்டுட்டு வாங்க சார்" என்று வழிகாட்டி சொன்னால், அடுத்த நொடி பை தரையில் இருக்க வேண்டும். கொக்கியோடு மல்லுக்கட்ட அங்கே நேரம் கிடையாது.

2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலைப்பாதைகளை முறையாகத் திறந்துவிட்டது. கேமராவோடு நடப்பவர்கள் இனி இன்னும் கூடுவார்கள். வாங்கப்போகும்போது உங்கள் பாடி, லென்ஸ், நிரப்பிய பாட்டில் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோய்ப் பையில் வைத்து மாட்டிப் பாருங்கள். இடுப்புப் பட்டையை இறுக்கிவிட்டுத் தோள்பட்டைகளைத் தளர்த்துங்கள். பை கீழே நழுவினால் அது உங்களுக்கான பை அல்ல. மாட்டியபடியே இருபது நிமிடம் நடங்கள், படிக்கட்டு இருந்தால் ஏறி இறங்குங்கள். ஆன்லைனில்தான் வாங்குவீர்கள் என்றால், திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, விலைச்சீட்டைக் கிழிக்காமல் வீட்டு மாடிப்படியில் இதே சோதனையைச் செய்துவிடுங்கள்.