அப்பத்தாவின் பச்சை

களத்தில் நெல் கிடக்கும் நாளாகப் பார்த்துத்தான் பச்சை குத்துகிற குறத்தியம்மா சின்னமனூர்ப் பக்கம் வருவார். கையில் காசில்லாத வீட்டிலும் அப்போது படி நெல் அளந்து போடுவார்கள். ‘பச்சை குத்தலையோ பச்சை’ என்று தெருமுனையில் குரல் கேட்டதும் சின்னப்பிள்ளைகள் ஓடி ஒளிவோம். கல்யாணம் பேசி முடித்த பெண்கள் வெட்கத்தோடு திண்ணைக்கு வருவார்கள்.

சின்ன அத்தைக்குக் குத்தியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மஞ்சள் பொடியைத் துணியில் முடிந்து எரித்த கரி, கொட்டாங்குச்சியில் இருந்தது. குழைக்கத் தாய்ப்பால் வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை பெற்றவள் பாலாடையில் கொடுத்தனுப்பினாள். ஈர்க்குச்சியால் முன்கையில் கோலம் வரைந்து, சேர்த்துக் கட்டிய ஊசிகளால் புள்ளி புள்ளியாகக் குத்தினார். அத்தை பல்லைக் கடிக்கும்போதெல்லாம் தன் பாட்டைச் சத்தமாக்கினார். குத்தும்போது கறுப்பு, புண் ஆறினால் பச்சை. மேல்தோல் உதிர்ந்துகொண்டே இருந்தாலும், கரி அதற்கு அடுத்த தோலில் தங்கிவிடுவதால் அழிவதில்லை.

அப்பத்தா கையில் கோலமும் தேளும் இருந்தன. மணிக்கட்டில் மட்டும் தனியாக மூன்று புள்ளிகள்.

“நாத்து நட்டு நட்டுக் கை கடுத்துச்சுடா. அதுக்குக் குத்துனது.”

“வலி போயிருச்சா அப்பத்தா?”

“குத்துன வலியில பழைய வலி மறந்துபோச்சு.”

1991-இல் ஆல்ப்ஸ் பனிக்குள் கிடைத்த ‘ஓட்சி’ மனிதனைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது அந்தப் புள்ளிகள்தான் நினைவுக்கு வந்தன. ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். உடம்பில் 61 பச்சைகள், எல்லாமே கரிக்கோடுகள். இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று மூட்டு தேய்ந்த இடங்களில் பலவும் இருப்பதால், வலிக்குக் குத்தியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஏறக்குறைய அதே பழமையுள்ள எகிப்தின் கெபெலெய்ன் சடலம் ஒன்றிலோ, ஆணின் கையில் காட்டுக்காளையும் ஆடும் இருப்பதை 2018-இல் கண்டார்கள். வைத்தியம், சித்திரம் இரண்டுமே அப்பத்தாவின் கையில் இருந்தன.

ஆண்டிபட்டியில் எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபடியே ஜெயித்தது 1984 கடைசியில். அடுத்த சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவில், ராட்டினத்துக்குப் பக்கத்தில் பேட்டரி மிஷினோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நியூயார்க்கின் ஓரெய்லி 1891-இல் காப்புரிமை வாங்கிய மின்சார ஊசியின் வாரிசு அது. இளவட்டங்கள் வரிசையில் நின்று இரட்டை இலை குத்திக்கொண்டார்கள். நானும் கையை நீட்டினேன். அப்பத்தா பிடித்து இழுத்துவிட்டாள்.

“நாளைக்குக் கட்சி மாறுனா கையை என்னடா செய்வ?”