பட்டி பார்த்தால் போதாதா?

என் மாருதி 800-க்கு இருமல், சளி எல்லாம் உண்டு என்பது தெரியும். எலும்பு உருகும் வியாதியும் இருக்கிறது என்பது போன மாதம்தான் தெரிந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எர்ணாவூரில் எங்கள் தெருவில் எண்ணெய் கலந்த தண்ணீர் நின்றது. கார் அதில் நாள் கணக்கில் தீர்த்தமாடியது. வடிந்ததும் கழுவினேன். ஸ்டார்ட் ஆனது. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு மறந்துபோனேன்.

இப்போது மனைவியின் தம்பி, "மாமா, அந்தக் காரை எனக்கே குடுத்துடுங்க" என்றான். நாற்பதாயிரம் என்று பேச்சு. நான் பி.காம். என் மனக்கணக்கில் தேய்மானம் போட்டுப் போட்டுப் பூஜ்யத்துக்கு வந்துவிட்ட சொத்து அது. கசக்குமா? ஒரே குறை, இடது கதவுக்குக் கீழே பெயின்ட் எட்டணா அளவுக்குக் கொப்பளித்திருந்தது. பட்டி பூசி பெயின்ட் அடித்தால் தீர்ந்தது. மச்சானிடம் சொல்லவில்லை. சொந்தக்காரர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியுமா, என்ன?

சாத்தாங்காட்டில் ஒரு டிங்கர் பெரியவரிடம் காட்டினேன். ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கொப்புளத்தில் வைத்து அழுத்தினார். கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது.

"இன்னா சார், தேன்கூடு கணக்கா கீது?"

ஏறும்போது காலைத் தூக்கித் தாண்டுகிறோமே, கதவுக்குக் கீழே ஒரு பட்டை, அந்த இடம். லாரிக்குத் தனியாக சேஸிஸ் உண்டு. இந்த மாதிரிக் காருக்குக் கிடையாது. தரையும் இரண்டு பக்கத்துப் பட்டைகளும் சேர்ந்துதான் பாரம் தாங்குகின்றன. வெளித்தகடும் உள்தகடும் சேர்ந்த வெற்றுப் பெட்டி அது. அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் உண்டு. அவற்றைச் சேறு அடைத்துக்கொண்டால், துரு உள்ளிருந்தே தின்ன ஆரம்பிக்கும். வெளியே பெயின்டுக்குத் தெரிவது கடைசியில்தான், வீட்டு விஷயம் கணவனுக்குத் தெரிவதுபோல.

"பட்டியே பூசிடுங்களேன்" என்றேன்.

"பூசலாம் சார். யாருக்கு விக்கறே?"

"மச்சானுக்கு."

"சைடுல எவனாவது இட்ச்சான்னா பட்டி தாங்காது. அப்பால அவங்க அக்காவுக்கு நீ இன்னா சொல்லுவே?"

அந்த அக்காவோடுதான் நான் குடித்தனம் செய்கிறேன். "வெட்டிடுங்க" என்றேன்.

தகடு வாங்க என்னையே இரும்பு மார்க்கெட்டுக்கு அனுப்பினார். ஜார்ஜ் டவுன் நெரிசலைக் குறைக்க சி.எம்.டி.ஏ. அமைத்த மார்க்கெட். டிரெய்லர்களும் டன் டன்னான காயில்களுமாக இருந்தது. "எவ்ளோ டன் சார்?" என்றார் கடைக்காரர். "ரெண்டடிக்கு ஒரு துண்டு" என்றேன். கோயம்பேட்டில் ஒரே ஒரு பச்சைமிளகாய் கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நாலாவது கடையில்தான் வெட்டுத் துண்டு கிடைத்தது. 20 கேஜ், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான கனம்.

முதலில் பாட்டரி ஒயரைக் கழற்றினார். சீட், மிதியடி, அடியில் ஓடும் பெட்ரோல் குழாய் எல்லாம் வெளியே. பக்கத்தில் ஒரு வாளி மணல். காரை ஜாக்கியை நம்பி விடாமல் ஸ்டாண்டில் உட்காரவைத்தார். பட்டையை அறுத்ததும் கதவுச் சட்டம் தொய்ந்துவிடாமல் இருக்க, உள்பக்கமாக ஒரு கம்பியைக் குறுக்கே பற்றவைத்தார். கதவு இடைவெளியை சாக்பீஸால் குறித்துக்கொண்டார். எட்டணா அளவுக்குத்தான் அறுப்பார் என்று நினைத்திருந்தேன். மனிதர் பளபளவென்று நல்ல தகடு தெரியும்வரை அறுத்தார். ஒன்றரை அடி!

புதுத் தகட்டை மரச்சுத்தியால் தட்டி வளைத்து, சேரும் இடங்களில் துத்தநாக பிரைமர் பூசி, சி.ஓ.டூ வெல்டிங்கில் இங்கே ஒரு இஞ்ச், அந்தக் கோடியில் ஒரு இஞ்ச் என்று வைத்தார். நடுநடுவே சூடு ஆறும்வரை பீடி வேறு, வாசலுக்குப் போய்.

"ஒரே இழுப்பா இழுத்துடக் கூடாதா?"

"மெல்லிசுத் தகடு சார். சூடு ஏறுச்சுன்னா அப்பளம் மாதிரி நெளிஞ்சுக்கும். அப்பால கதவு மூடாது."

இரண்டு நாள். கடைசியில் உள்ளே மெழுகு அடித்து, வடிகால் ஓட்டைகளைக் கம்பி விட்டுத் திறந்து காட்டினார். கதவு 'டப்' என்று மூடியது. பில் பதினோராயிரம்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான். அறுத்தெடுத்த துருத் துண்டை பாலிதீன் பையில் போட்டு அவன் கையில் கொடுத்து, நடந்ததை எல்லாம் ஒப்பித்தேன். பட்டி யோசனையைக்கூட. "பரவாயில்ல மாமா" என்று சிரித்தான். பிறகு காரைச் சுற்றிக்கொண்டு டிரைவர் பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"மாமா, இந்தப் பக்கமும் அதே தண்ணியிலதானே நின்னுச்சு?"

உள்ளே போய் ஸ்குரூ டிரைவரை எடுத்துவந்தேன்.